மாரேயில் புதுப்பித்த வீடா, ஓஸ்மான் கட்டடமா? பாரிசின் மையத்தில் பழைய வீடு வாங்குவோர்க்கு ஓர் ஒப்பீடு

பாரிசின் மையப் பகுதியில் ஏறத்தாழ பத்து லட்சம் யூரோ செலவிடக்கூடிய ஒரு குடும்பம் எழுபது சதுர மீட்டர் வீடு ஒன்றைத் தேடத் தொடங்கினால், சில வாரங்களுக்குள் அதன் முன் மூன்று வகை வீடுகள் வந்து நிற்கும். முதலாவது, மாரே என்னும் பழைய நகர்ப்பகுதியில் 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்றில், உத்தரங்கள் தெரியும்படி முழுமையாகப் புதுப்பித்து, சமையலறையும் குளியலறையும் பளபளக்க விற்பனைக்கு வைத்திருக்கும் ஆடம்பர வீடு. இரண்டாவது, அதே மாரேயில் பல பத்தாண்டுகளாக யாரும் கை வைக்காத, வாங்கியவரே புதுப்பித்துக்கொள்ள வேண்டிய வீடு. மூன்றாவது, அங்கிருந்து சற்று வடமேற்கே, 9ஆம் வட்டாரத்தில், 19ஆம் நூற்றாண்டின் ஓஸ்மான் பாணிக் கட்டடம் ஒன்றில் இருக்கும் புதுப்பித்த வீடு. தரகர்களின் படங்களில் முதலாவதே எப்போதும் வெல்லும். ஆனால் படத்தில் தெரிவது வீட்டின் உட்புறம் மட்டுமே. வாங்குபவர் விலை கொடுப்பதோ அந்தக் கட்டடத்தின் சுவரிலும் கூரையிலும் கடனிலும் ஒரு பங்குக்கும் சேர்த்துத்தான் என்பதால், இந்த ஒப்பீட்டை உட்புற அழகிலிருந்து தொடங்காமல் கட்டடத்திலிருந்து தொடங்குவதே முறை.

மாரேயின் இன்றைய வீடுகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு அந்தப் பகுதியின் வரலாறே விடை. நான்காம் ஹென்றி மன்னர் 1605இல் கட்டத் தொடங்கி 1612இல் திறப்பு விழாக் கண்ட அரச சதுக்கம், இன்றைய பிளாஸ் தே வோஸ்ஜ், பிரபுக்களை இங்கே ஈர்த்தது. அதைச் சுற்றி அவர்கள் முற்றமும் தோட்டமும் கொண்ட மாளிகைகளை எழுப்பினர். பின்னர் அரசவை இடம்பெயர்ந்த வெர்சாயும் சேன் ஆற்றின் தென்கரையும் அவர்களை இழுத்துக்கொள்ள, புரட்சிக்குப் பிந்தைய நூற்றாண்டில் இந்த மாளிகைகள் துண்டு துண்டாகப் பிரிந்து பட்டறைகளாகவும் கிடங்குகளாகவும் நெரிசலான குடியிருப்புகளாகவும் மாறின. 1925இல் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே முன்வைத்த திட்டம் நிறைவேறியிருந்தால், வலக்கரையின், அதாவது வடகரையின், மையத்தில் ஒரு பெரிய பகுதி இடிபட்டுப் பதினெட்டுக் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்திருக்கும். அந்தப் போக்குக்குத் தடை போட்டது பண்பாட்டு அமைச்சர் மல்ரோவின் பெயரால் அறியப்படும் 1962ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி 1964இல் மாரேயின் 126 ஹெக்டேர் பரப்பு பாதுகாக்கப்பட்ட பகுதியானது. வரவேற்புக் கூடமாக இருந்த ஓர் அறை இன்று ஒரு முழு வீடாக இருப்பதற்கும், ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு இரண்டு படி இறங்க வேண்டியிருப்பதற்கும், சன்னலே இல்லாத இடத்தில் குளியலறை அமைந்திருப்பதற்கும் இந்தத் துண்டாடலே காரணம். எவ்வளவு செலவழித்துப் புதுப்பித்தாலும் இது மாறுவதில்லை.

கட்டுமானப் பொருளிலும் இரு பகுதிகளுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மாரேயின் சாதாரணக் குடியிருப்புக் கட்டடங்களில் பல, மரச்சட்டகத்துக்கு இடையே கல்லும் சாந்தும் அடைத்து, பாரிசுக்கே உரிய ஜிப்சம் காரை பூசி எழுப்பியவை. தெருவிலிருந்து பார்த்தால் கல் கட்டடம் போலத் தோன்றும். நான்கு நூற்றாண்டுகளில் அந்த மரம் வளைந்திருக்கும். தளம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இதில் ஆபத்து ஏதுமில்லாமலும் இருக்கலாம், ஆனால் ஒரு விளைவைக் கவனிக்க வேண்டும்: மேல்தளம் மெல்லத் தாழ்ந்து வரும்போது, முதலில் வெறும் தடுப்பாக எழுப்பிய சுவரின் மேல் அதன் பாரம் இறங்கிவிடும். வரைபடத்தில் தடுப்புச் சுவராக இருப்பது உண்மையில் பாரம் தாங்கும் சுவராகியிருக்கும். கூடத்தையும் சமையலறையையும் ஒன்றாக்குவதற்காக அதை எடுத்துவிட்ட வீடுதான் படங்களில் விசாலமாகத் தெரிகிறது.

ஆகவே மாரேயில் புதுப்பித்த வீட்டைப் பார்க்கப் போகிறவர் பளிங்குக் கல்லின் நிறத்தைப் பாராட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, எந்தச் சுவர் எடுக்கப்பட்டது, யார் அனுமதித்தார்கள் என்பதே. பாரம் தாங்கும் சுவர்கள் பெரும்பாலும் கட்டடத்தின் பொது உடைமை. அவற்றில் திறப்பு ஏற்படுத்த, 1965ஆம் ஆண்டுக் கூட்டுரிமைச் சட்டத்தின்படி, கட்டட உரிமையாளர்களின் பொதுக்குழு தனது மொத்த வாக்குகளின் பெரும்பான்மையால் ஒப்புதல் தர வேண்டும். பொறியாளரின் கணக்கீடும் கையில் இருக்க வேண்டும். ஒப்புதல் இல்லாமல் முந்தைய உரிமையாளர் இடித்திருந்தால், பழையபடி கட்டித் தரும்படி கட்டட உரிமையாளர் சங்கம் கேட்கும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் அன்றைக்கு வீட்டை வைத்திருப்பவர்.

அடுத்து வருவது விற்பவர் யார் என்பது. இதை வாங்குவோர் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். மாரேயில் ஒரே பாணியில் புதுப்பித்து விற்பனைக்கு வரும் வீடுகளில் கணிசமானவை, பழைய வீட்டை வாங்கிச் சில மாதங்களில் புதுப்பித்து இலாபத்துக்கு விற்கும் வீட்டு வணிகர்களிடமிருந்து வருகின்றன. இதைக் கேட்டதும் வேண்டாம் என்று ஓட வேண்டியதில்லை. தனிநபர் ஒருவர் விற்கும்போது, மறைந்திருக்கும் குறைபாடுகளுக்குத் தாம் பொறுப்பல்ல என்று விற்பனைப் பத்திரத்தில் வழக்கமாக ஒரு வரி சேர்த்துவிடுவார். தொழில்முறை வணிகருக்கு அந்த வரி பாதுகாப்புத் தராது. சட்டப்படி பார்த்தால் வணிகரிடம் வாங்குபவரின் கை சற்று ஓங்கியே இருக்கிறது. மறுபுறம், வணிகரின் வேலை படத்துக்காகச் செய்த வேலையாக இருப்பதற்கும் வாய்ப்பு அதிகம்: சுவருக்குள் ஓடும் பழைய கழிவுநீர்க் குழாயை மாற்றாமல் அதன்மேல் புதிய ஓடு பதித்திருப்பார்கள்.

இரு நிலையிலும் கேட்க வேண்டிய தாள்கள் ஒன்றே: வேலை செய்த ஒவ்வொரு நிறுவனத்தின் பற்றுச்சீட்டும், அந்நிறுவனம் அன்றைக்குப் பெற்றிருந்த பத்தாண்டுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழும். கட்டமைப்பைப் பாதிக்கும் வேலைகளுக்கும், வீட்டைக் குடியிருக்கத் தகுதியற்றதாக்கும் குறைகளுக்கும் பிரெஞ்சுச் சட்டம் பத்தாண்டு உத்தரவாதம் அளிக்கிறது. வீடு கைமாறினாலும் அந்த உத்தரவாதம் புதிய உரிமையாளரைத் தொடரும். பற்றுச்சீட்டு இல்லையென்றால், வேலை செய்தவர் யாரென்றே நிறுவ இயலாது. அத்தகைய வீட்டுக்குப் புதுப்பித்த வீட்டின் விலையைக் கொடுக்கக் கூடாது. கை வைக்காத வீட்டின் விலையிலிருந்தே பேரம் தொடங்க வேண்டும்.

இனி இரண்டாவது வழியான, நாமே புதுப்பிப்பதன் கணக்கைப் பார்ப்போம். இங்கே வரும் எண்கள் ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்டவை. தெருவுக்குத் தெரு அவை மாறும். அண்மை ஆண்டுகளில் பாரிசின் பழைய அடுக்ககங்களின் சராசரி சதுர மீட்டருக்கு 9,500 யூரோவை ஒட்டியே இருக்கிறது, மாரே அதற்கு மேல். புதுப்பித்த எழுபது சதுர மீட்டர் வீடு சதுர மீட்டருக்கு 15,000 வீதம் 10,50,000 யூரோ என்றும், கை வைக்காதது 11,500 வீதம் 8,05,000 யூரோ என்றும் கொள்வோம். விற்பனைப் பத்திரத்தை எழுதிப் பதியும் சட்ட அலுவலரான நொத்தேரிடம் செலுத்தும் வரியும் கட்டணமும் பழைய வீடுகளுக்கு ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு. நடுவாக 7.5 எனக் கொண்டால், முதல் வீட்டுக்கு 78,750, இரண்டாவதற்கு 60,375. வேறு சொற்களில், புதுப்பித்த வீட்டை வாங்குபவர் யாரோ தேர்ந்தெடுத்த அடுப்புக்கும் அலமாரிக்கும்கூடப் பத்திரப்பதிவு வரி கட்டுகிறார். நல்ல தரத்தில் புதுப்பிக்கச் சதுர மீட்டருக்கு 2,500 யூரோ, பழைய வீடுகளுக்கான 10 விழுக்காட்டு மதிப்புக்கூட்டு வரியும் அடக்கம், எனக் கொண்டால் 1,75,000. ஆக முதல் வழியின் மொத்தம் 11,28,750; இரண்டாவதன் மொத்தம் 10,40,375. தாளில் 88,375 யூரோ மிச்சம்.

அந்த மிச்சம் நிலைக்குமா? வேலை முடியும் வரை வேறிடத்தில் மாதம் 2,500 யூரோ வாடகை என்று பதினைந்து மாதங்களுக்கு 37,500 போகும். பழைய கட்டடத்தில் தளத்தைத் திறந்தால் அழுகிய உத்தர முனையோ, ஈய வண்ணப்பூச்சோ, ஈயக் குழாயோ எதிர்ப்படுவது வழக்கம் என்பதால் இருபது விழுக்காடு கூடுதல் செலவு என்று 35,000 சேர்த்தால், எஞ்சுவது 16,000 யூரோவுக்கும் குறைவு. குடியிருக்காத மாதங்களுக்கும் கட்ட வேண்டிய கடன் வட்டி அதையும் தின்றுவிடும். பதினைந்து மாதம் என்பதும் மிகையல்ல. பாதுகாக்கப்பட்ட பகுதியில் சன்னல் மாற்றுவதற்கும் முகப்பைத் தொடுவதற்கும் அரசின் மரபுக் கட்டடக் கலைஞருடைய இசைவு வேண்டும். பாதுகாப்புத் திட்டம் சில கட்டடங்களில் மாடிப்படி, கணப்பு, மரப்பலகைச் சுவர் போன்ற உட்புறக் கூறுகளையும் உள்ளடக்கும். பொதுக்குழு வழக்கமாக ஆண்டுக்கு ஒரு முறையே கூடும் என்பதால், சுவர் திறக்கும் தீர்மானம் ஒரு கூட்டத்தில் இடம்பெறத் தவறினால் அடுத்த ஆண்டுதான். எனவே பணத்தை மிச்சப்படுத்துவதற்காக இந்த வழியைத் தேர்வது வீண். சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து, தானே தேர்ந்த கைவினைஞர்களைக் கொண்டு செய்விக்க விரும்புபவருக்கு, அதுவும் பாரிசிலேயே வசித்து வாரந்தோறும் நேரில் போகக்கூடியவருக்கு மட்டும் இது ஏற்றது. சென்னையிலோ இலண்டனிலோ இருந்துகொண்டு தொலைபேசியில் இந்த வேலையை நடத்தலாம் என்று எண்ணுவோர் முதல் வழிக்கோ மூன்றாவதற்கோ போய்விடலாம்.

மூன்றாவது வழியின் கட்டடம் வேறு காலத்தது. 1853 முதல் 1870 தொடக்கம் வரை சேன் மாவட்ட ஆட்சியராக இருந்த ஓஸ்மான் வகுத்த விதிகளின்படியும், அவருக்குப் பின் அதே பாணியிலும் எழுந்த இந்தக் கட்டடங்களின் தெரு முகப்பு வெட்டிய சுண்ணக்கல்லால் ஆனது. 1840களுக்குப் பின் பரவிய இரும்பு உத்தரங்கள் தளங்களில் இருப்பதால் அவை பெரும்பாலும் மட்டமாக இருக்கும். ஒரே நோக்கத்தோடு குடியிருப்பாகவே திட்டமிட்டவை ஆகையால் அறைகள் ஒழுங்கானவை. கூரை உயரம், குறிப்பாக இரண்டாம் மாடியில், தாராளம். மீன்முள் வடிவ மரத்தளம், கூரையோரச் சிற்பவேலை, பளிங்குக் கணப்பு மூன்றும் சேர்ந்த வீட்டுக்குப் பாரிசில் எந்தக் காலத்திலும் வாங்க ஆள் உண்டு. ஆனாலும் முற்றத்துப் பக்கம் திரும்பினால் அதே கட்டடத்தில் கல்லுக்குப் பதில் மலிவான கட்டுமானம் இருக்கும், இருட்டும் இருக்கும். சமையலறை நீண்ட நடைவழியின் கோடியில், பணியாளர் படிக்கட்டை ஒட்டி, குடும்பத்தின் கண்ணில் படாமல் இருக்கும்படி வைத்தார்கள்.

இந்தக் கடைசிக் குறையை நம் வீட்டார் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது. மாரேயின் புதுப்பித்த வீடுகளில் சமையலறை கூடத்தோடு திறந்து கிடக்கிறது. முகப்பில் புகைபோக்கிக்குத் துளையிட அனுமதி கிடைக்காது. கூரை வரை போகும் பழைய புகைவழியும் எல்லா வீட்டுக்கும் வாய்க்காது. அதனால் அடுப்புக்கு மேலிருக்கும் உறிஞ்சி, காற்றை வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும் வகையாகவே பெரும்பாலும் இருக்கிறது. வத்தக்குழம்புக்குத் தாளித்த மணம் படுக்கையறைத் திரைச்சீலையில் மூன்று நாள் தங்கும். கதவடைக்கக்கூடிய, சன்னலுள்ள ஓஸ்மான் சமையலறை இந்த ஒரு விஷயத்தில் மறுபேச்சின்றி மேல்.

பரப்பளவை ஒப்பிடும்போது 1996ஆம் ஆண்டின் கரே சட்டத்தை மனத்தில் வைக்க வேண்டும். கூரை உயரம் 1.80 மீட்டருக்குக் குறைவான இடம் சட்டப்படி பரப்பில் சேராது. பத்திரத்தில் சொன்னதைவிட உண்மைப் பரப்பு 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், ஓராண்டுக்குள் விலைக் குறைப்புக் கேட்கலாம். மாரேயின் கூரையடி வீடுகளிலும் இடைத்தளம் போட்ட வீடுகளிலும் தரையில் அளந்த பரப்புக்கும் சட்டப் பரப்புக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். ஓஸ்மான் வீடுகளில் இந்தச் சிக்கல் ஆறாம் மாடிப் பணியாளர் அறைகளைத் தவிர வேறெங்கும் அரிது.

வெப்பமும் குளிரும் இரு பகுதிக்கும் பொதுவான பலவீனம். ஆனால் அதைச் சரிசெய்யும் வழிகள் மாரேயில் குறுகலானவை. எரிசக்தித் தரப்பட்டியலில் கடைசியான ஜி வகுப்பு வீடுகளைப் புதிதாக வாடகைக்கு விடுவதற்கு 2025 சனவரி 1 முதல் தடை. எஃப் வகுப்புக்கு 2028இலும் ஈ வகுப்புக்கு 2034இலும் அதே தடை வரும். வெளிச்சுவரில் காப்புப் போர்வை போடுவது இரு இடத்திலும் நடவாத காரியம். உட்புறமாகப் போடலாம் என்றால் எழுபது சதுர மீட்டரில் சில சதுர மீட்டர் குறையும், மரச்சட்டகச் சுவரில் தவறாகப் போட்டால் ஈரம் தேங்கி மரம் அழுகும். துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு நேர் கீழுள்ள வீடுகள் கோடையில் எப்படிக் கொதிக்கும் என்பதை 2003ஆம் ஆண்டு வெப்ப அலை பாரிசுக்குக் கொடுமையாகவே உணர்த்தியது. வெளிப்புறக் குளிரூட்டிப் பெட்டி வைக்கப் பொதுக்குழுவும் நகராட்சியும் சம்மதிக்க வேண்டும், அது எளிதில் கிடைப்பதில்லை. கூரையடி வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும், முதியவர் இருக்கும் குடும்பத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களைப் பொறுத்தவரை மின்தூக்கியும் பெரிய கேள்வி: ஓஸ்மான் கட்டடங்களின் மாடிப்படிச் சுழலில் பிற்காலத்தில் இருவர் நிற்கக்கூடிய மின்தூக்கியாவது பொருத்திவிட்டார்கள், மாரேயில் பாதுகாக்கப்பட்ட மரப்படிக்கட்டில் அதற்கு இடமே இருப்பதில்லை.

வீட்டை வாங்கி வாடகைக்கு விடலாம் என்ற எண்ணத்தில் மாரேயைத் தேர்வோருக்கு ஒரு சொல். சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் கனவு அநேகமாக முடிந்துவிட்டது. சொந்தக் குடியிருப்பைக்கூட 2025 முதல் பாரிசில் ஆண்டுக்கு 90 நாளுக்கு மேல் அப்படி விட முடியாது. இரண்டாம் வீடாக இருந்தால், குடியிருப்பை வணிகத் தங்குமிடமாக்கும் பயன்பாட்டு மாற்ற அனுமதி பெற வேண்டும், அதன் நிபந்தனைகள் தனிநபருக்கு எட்டாதவை. நீண்டகால வாடகைக்கு 2019 முதல் உச்சவரம்பு இருக்கிறது. இரண்டாம் வீடாகப் பூட்டி வைத்தால் குடியிருப்பு வரியின் மேல் 60 விழுக்காடு கூடுதல் வரி. இவையெல்லாம் 9ஆம் வட்டாரத்துக்கும் பொருந்தும். ஆனால் புதுப்பித்த மாரே வீட்டின் விலையில் சுற்றுலா வாடகை எதிர்பார்ப்பின் சாயல் இன்னும் ஒட்டியிருப்பதால், அந்த அடி அங்கே சற்று வலுவாக விழும்.

அன்றாட வாழ்க்கை என்று வந்தால் மாரேயின் ஈர்ப்பை மறுக்க முடியாது. பிக்காசோ அருங்காட்சியகமும் கர்னவாலே அருங்காட்சியகமும் நடந்து போகும் தூரம். செயின்ட்-போல் நிலையத்தில் முதலாம் தடத்து மெட்ரோ. கூடவே ஞாயிறன்றும் திறந்திருக்கும் கடைகளும், அவற்றைத் தேடி வரும் கூட்டமும், தெருவோர மதுக்கூடங்களின் இரவுச் சத்தமும் உண்டு. 9ஆம் வட்டாரத்தின் கிழக்கோரம், கதே, புவாசொனியேர் நிலையங்களின் பக்கம், அருங்காட்சியக அழகு குறைந்தது. ஆனால் அங்கிருந்து வடக்கு இரயில் நிலையத்தைத் தாண்டி லா சப்பல் வரை நடந்தே போய்விடலாம். முருங்கைக்காயும் இட்லி மாவும் வாங்கும் கடைகளும், சற்று அப்பால் மாணிக்க விநாயகர் ஆலயமும் வாராந்திர வாழ்க்கையின் பகுதியாக இருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய வசதியல்ல.

ஆக, என் தீர்ப்பு இப்படி அமைகிறது. குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து வாழப்போகும் குடும்பத்துக்கு மின்தூக்கியுள்ள ஓஸ்மான் கட்டடத்தின் இரண்டாம் அல்லது மூன்றாம் மாடி வீடு. இருவராக, நீண்ட காலம் தங்கும் எண்ணத்தோடு, அந்தத் தெருக்களுக்காகவே விலை கொடுக்க மனமுள்ளவர்களுக்கு மாரேயில் புதுப்பித்த வீடு, அதுவும் பற்றுச்சீட்டுகளும் பொதுக்குழு ஒப்புதலும் கையில் கிடைத்தால் மட்டும். கை வைக்காத வீடு, வேலையில் ஆர்வமுள்ள சிலருக்கு.

எதைத் தேர்ந்தாலும் முன் ஒப்பந்தத்தோடு இணைத்துத் தர வேண்டிய ஆவணங்களைச் சட்டமே வகுத்திருக்கிறது. அவற்றில் முதலில் படிக்க வேண்டியவை கடந்த மூன்றாண்டுப் பொதுக்குழுக் கூட்டக் குறிப்புகள். கூரை ஒழுகலைப் பற்றிய புகார் ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்படுகிறதா, முகப்புச் சீரமைப்பு வரப்போகிறதா, பங்குத் தொகை கட்டாமல் இழுத்தடிக்கும் உரிமையாளர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அங்கே தெரியும். பதினைந்து ஆண்டு கடந்த கட்டடங்களுக்குக் கட்டாயமாகிவிட்ட பத்தாண்டுப் பணித்திட்ட வரைவு இருந்தால் அதையும் கேட்க வேண்டும். ஏற்கெனவே தீர்மானமான வேலைக்கான தொகை கேட்கப்படும் நாளில் யார் உரிமையாளரோ அவரே சங்கத்துக்குச் செலுத்த வேண்டும் என்பது பொது விதி. எனவே கையெழுத்துக்கு முன் தீர்மானமான வேலைகளின் செலவு விற்பவரைச் சேரும் என்று முன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். கையெழுத்திட்ட ஒப்பந்தம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து பத்து நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் வாங்குபவர் விலகிக்கொள்ளலாம். பழைய கட்டடங்களை அறிந்த கட்டடக் கலைஞர் ஒருவரை அழைத்துப் போய், அந்தப் பத்து நாளுக்குள் நிலவறையையும் மாடிப்படியையும் முற்றத்துச் சுவரையும் காட்டிவிட வேண்டும். வீட்டின் உட்புறத்தை அவர் கடைசியாகப் பார்த்தால் போதும்.